பதிவு எண்ணும் பஸ் கட்டணமும்

சென்ற மாதம் சொந்தக் காரியமாகச் சிவகிரிக்குப் போயிருந்தோம். ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் தெற்கு முகமாகச் செல்லும்போது, மேற்கு மலைத் தொடர் வலப் பக்கத்தில் கூடவே வந்துகொண்டிருக்கும். பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தில் இடம் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகாவில் அடங்கியிருந்த இந்த ஊர், இப்போது தனக்கென்றே ஒரு தாலுகாக் கச்சேரி வைத்திருக்கிறது. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தென்காசி ஜில்லா பிறந்ததிலிருந்து திருநெல்வேலியின் பிடியும் விட்டுப் போயிற்று.

சிவகிரி என்றதும் வயதானவர்களுக்கு ஜமீன் ஞாபகம் வரும். அந்த நாளில் மனுவும் கையுமாக வந்தவர்கள் அரண்மனை வாசலில் காத்திருந்தார்கள். 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாசலில் காத்திருக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லாமற் போயிற்று. ஆனால் காத்திருக்கும் வழக்கம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதை இந்தத் தடவை நேரில் கண்டோம்.

நாம் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு தையற்காரர் குடியிருக்கிறார். மிஷினுக்கு ஓய்வு கிடைத்த போதெல்லாம் பத்திரிகை படிக்கிறவர். நாம் பத்திரிகைக்கு எழுதுகிற பேர்வழி என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, சாயங்காலம் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். காப்பி வந்தது. குடித்து முடித்ததும், "எம்மா, அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா" என்றார். அவருடைய புதல்வி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்து நம் முன்னால் வைத்தாள். நகைப் பெட்டியோ என்று முதலில் எண்ணினோம். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தவை அத்தனையும் காகிதம்.

கணித சாஸ்திரத்தில் பி.எஸ்ஸி. பட்டம், பி.எட். பட்டம், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியதற்கு ஒரு ஸர்டிபிகேட், ஜாதிச் சான்று, வருமானச் சான்று, வேலைவாய்ப்புக் காரியாலயத்தில் பதிந்துகொண்டதற்கு ஓர் அட்டை, அந்த அட்டையைப் புதுப்பித்ததற்கு ஐந்து சீட்டுகள். பெண்ணுக்கு வயது முப்பத்தெட்டு. பதிந்துகொண்ட வருஷம் 2010. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. 2013, 2016, 2019, 2022, 2025 என்று ஒரு தடவைகூடத் தவறாமல் புதுப்பித்திருக்கிறாள். இத்தனைக்கும் அந்தக் காரியாலயத்திலிருந்து இந்த வீட்டுக்கு, "இன்ன இடத்தில் இன்ன வேலை காலியாயிருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று ஒரு கடிதம்கூட இதுவரை வந்ததில்லை.

"வராது என்று தெரிந்துமா புதுப்பிக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"நாளைக்கே பழையபடி மூப்பு முறை வந்துட்டா என்ன பண்ணுறது, ஐயா? புதுப்பிக்காமல் விட்டா பதினஞ்சு வருஷம் போச்சே!" என்றாள்.

இந்தப் பதிலை வெறும் பேராசை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அவள் பதிந்துகொண்ட சமயத்தில், சர்க்கார்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் வேலைக்குப் பதிவு மூப்புத்தான் வாசற்படியாக இருந்தது. முன்னால் பதிந்தவருக்கு முன்னால் வேலை. வரிசையில் நின்றால் ஒரு நாள் நம் முறை வரும் என்று நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் நின்றன. பிறகு வாசல் மாறிற்று. 2012-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லை! கொடுத்த ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று எழுந்த கூக்குரலுக்குச் செவிசாய்த்து, அதே வருஷம் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறு பரீட்சை வைத்தார்கள். தையற்காரரின் மகள் தேறியது அதற்கு அடுத்த வருஷத்தில்.

தேறினால் வேலை என்று நேயர்கள் நினைப்பீர்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் 'வெயிட்டேஜ்' என்று ஒன்று குறுக்கே வந்தது. தகுதித் தேர்வில் வாங்கிய மார்க்குடன், பன்னிரண்டாம் வகுப்பிலும் கலாசாலையிலும் வாங்கிய பழைய மார்க்குகளையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது என்பது அதன் தாத்பரியம். முன் காலத்தில் கண்டிப்பான கையால் அளந்து போட்ட மார்க்கும், பின் காலத்தில் தாராளமான கையால் போட்ட மார்க்கும் ஒரே தராசில் ஏறின. முந்திப் படித்தவர்கள் பிந்திப் போனார்கள். 2018-ஆம் வருஷம் ஜூலையில் அந்த வெயிட்டேஜை எடுத்தார்கள். எடுத்த கையோடு, தகுதித் தேர்வில் தேறியவர்கள் இன்னொரு போட்டிப் பரீட்சையும் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தப் போட்டிப் பரீட்சை நடந்தது 2024 பிப்ரவரியில். உத்தரவுக்கும் பரீட்சைக்கும் நடுவே ஐந்தரை வருஷம். எல்லாப் பாடங்களுக்குமாகச் சேர்த்து முதலில் அறிவித்த இடங்கள் 2,222. முப்பத்தாறு வயதில் மகள் மறுபடியும் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி கண் விழித்ததைத் தையற்காரர் சொன்னபோது, அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இந்தப் பெண்ணைச் சர்க்கார் அடியோடு மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மூன்று வருஷம் உதவித் தொகையும் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2006-ஆம் வருஷத்தில் ஆட்சிக்கு வந்தவர்கள் ஆரம்பித்த திட்டம் அது. பின்னால் வந்தவர்கள் தொகையை உயர்த்தினார்கள். பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600 என்பது உயர்த்திய கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாங்கியில் விழும். 600 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்கு இருபது ரூபாய். தென்காசி தமிழ்நாட்டில் காப்பிக் கிளப்பில் ஒரு காப்பியும் ஒரு வடையும் சாப்பிட்டால் இருபது ரூபாய்க்குள் வெளியே வர முடிகிறதா என்று நேயர்களே சோதித்துப் பார்க்கலாம். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்திருந்த தினக்கூலி 336 ரூபாய். ஆகவே, பட்டதாரியின் ஒரு மாத உதவி, வாய்க்கால் வெட்டுகிறவரின் இரண்டு நாள் கூலிக்கும் குறைவு. வாய்க்கால் வெட்டுகிறவருக்கு அதிகம் என்று சொல்ல வரவில்லை, அதுவும் குறைவுதான்.

அந்த இருபது ரூபாய்க்கு எத்தனை நிபந்தனைகள்! பதிந்து ஐந்து வருஷம் நிறைந்திருக்க வேண்டும். நடுவில் புதுப்பிக்கத் தவறியிருக்கக் கூடாது. வயது நாற்பதுக்குள் (ஆதி திராவிடர், பழங்குடியினருக்கு நாற்பத்தைந்துக்குள்) இருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வேறு வேலை எதிலும் இருக்கக் கூடாது. கலாசாலையில் நேராகச் சேர்ந்து படிக்கவும் கூடாது. என்ஜினீயர், வைத்தியர், வக்கீல், விவசாயப் பட்டதாரி ஆகியோருக்குக் கிடையாது. தொழில் படித்தவர்களுக்குப் பசி எடுக்காது என்று சர்க்கார் கண்டுபிடித்திருக்கிறது போலும்! எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷந்தோறும் "நான் வேலையில்லாமல்தான் இருக்கிறேன்" என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த உறுதிமொழிதான் அவள் மனத்தை அதிகமாக அறுத்ததாம். சாயங்கால வேளையில் தெருக் குழந்தைகள் பத்துப் பேருக்கு அவள் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுக்கிறவர்கள் மாதம் நூறோ நூற்றைம்பதோ கொடுப்பார்கள். சிலர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுப்பார்கள். இது வேலையா, வேலையில்லையா? வேலை என்றால் உதவித் தொகை போய்விடும். இல்லை என்று கையெழுத்துப் போட்டால் அது மெய்யா? ஒரு வருஷம் முழுதும் டியூஷனை நிறுத்திவிட்டாளாம். கணக்கு வாத்தியார் வேலைக்காகக் காத்திருக்கும் பெண், கணக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருந்ததற்காகச் சர்க்கார் அவளுக்கு நாள் ஒன்றுக்கு இருபது ரூபாய் கொடுத்தது! இதைவிட வேடிக்கையான கணக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் இராது.

அப்பொழுது சிவகிரி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஜில்லாத் தலைநகருக்குப் போவது என்றால் எண்பது கிலோமீட்டருக்குக் குறையாத பிரயாணம். ஏதாவது ஒரு தாளில் ஒரு முத்திரை சரியாக விழவில்லை என்றால் மறுபடியும் பிரயாணம். "போக வர டிக்கெட்டுக்கே நாலு நாள் பணம் சரியாப் போகும், ஐயா. மத்தியானம் சாப்பிட்டா அஞ்சு நாள்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இப்பொழுது கம்ப்யூட்டரில் பதியலாம், புதுப்பிக்கலாம் என்ற வசதி வந்திருக்கிறது. அதற்கு நாம் சர்க்காரைத் தாராளமாகப் பாராட்டுகிறோம். ஆனால் பஸ் செலவு குறைந்ததே ஒழிய, காகிதம் எந்தத் திசையில் போகிறது என்பது மாறவில்லை. எல்லாக் காகிதமும் இங்கிருந்து அங்கே போகிறது. அங்கிருந்து இங்கே ஒன்றும் வருவதில்லை.

அது ஏன் என்று அறிய வேண்டுமானால், இந்த எக்ஸ்சேஞ்சுகள் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த 1945-இல், பட்டாளத்திலிருந்து கலைக்கப்பட்ட சிப்பாய்களுக்குப் பிழைப்புத் தேடிக் கொடுப்பதற்காக இவற்றை ஆரம்பித்தார்கள். 1948-இல் எல்லோருக்கும் கதவைத் திறந்தார்கள். சிவராவ் கமிட்டியின் யோசனைப்படி 1956 நவம்பரில் நிர்வாகம் ராஜ்ய சர்க்கார்களின் கைக்கு வந்தது. 1959-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 1960 மே மாதம் அமலுக்கு வந்தது. 'காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம்' என்று அதற்குப் பெயர். கட்டாயம் என்ற வார்த்தையைக் கண்டு முதலாளிகள் நடுங்கியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சர்க்கார் ஸ்தாபனங்களும், இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களும் காலியிடத்தை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிவித்த இடத்துக்கு எக்ஸ்சேஞ்சு மூலமாக ஆள் எடுக்க வேண்டிய கடமை எந்த முதலாளிக்கும் இல்லை என்று அந்தச் சட்டமே எழுதி வைத்தது. தெரிவிக்காமல் இருந்துவிட்டால்? முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறு தடவைகளில் 1,000 ரூபாய் வரை.

இங்கே நேயர்கள் சற்று நிதானித்துப் பார்க்கக் கோருகிறோம். ஓர் ஆலை முதலாளி நூறு காலியிடங்களை மறைத்துவிட்டால், சட்டம் அவரிடமிருந்து வாங்க முடிந்தது 500 ரூபாய். சிவகிரித் தையற்காரரின் மகள் புதுப்பிக்கும் தேதியையும் அதற்குமேல் கொடுக்கும் சலுகைக் காலத்தையும் தவறவிட்டால், அவள் இழப்பது பதினைந்து வருஷத்து மூப்பு. இடையிடையே சர்க்கார் மனமிரங்கி, இன்ன வருஷங்களில் தவறவிட்டவர்கள் இப்போது புதுப்பிக்கலாம் என்று விசேஷச் சலுகை அறிவிப்பதுண்டு, 2021-இல்கூட அறிவித்தார்கள். அப்படி மனமிரங்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த விதியைப் பற்றி ஒரு சேதி சொல்லவில்லையா?

1987-இல் சுப்ரீம் கோர்ட்டும் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து, எக்ஸ்சேஞ்சு மூலமாகத்தான் ஆள் எடுக்க வேண்டுமென்று இதில் கட்டாயமில்லை என்றது. ஆனால் சர்க்கார் தன் இலாகாக்களுக்கு அப்படி உத்தரவிட்டுக்கொள்வதில் தவறில்லை என்றும் சொன்னது. 1996-இல் வேறொரு வழக்கில், எக்ஸ்சேஞ்சில் கேட்பதோடு பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்து, வருகிற எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எல்லோருக்கும் சமவாய்ப்பு என்ற முறையில் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அதற்கு முன்னால் வரிசையில் நின்றவர்களிடம், "வரிசை கலைந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள்" என்று ஒருவரும் சொல்லவில்லை. வரிசை கலைந்த பிறகும் டோக்கன் மட்டும் கொடுத்துக்கொண்டேயிருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன்பு தமிழ்நாட்டில் அப்படி டோக்கன் வைத்திருந்தவர்கள் அறுபது லட்சத்துக்கு மேல்! 2020-இல் இயற்றி 2025 நவம்பரில் அமலாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பழைய 1959 சட்டத்தை விழுங்கிவிட்டு, எக்ஸ்சேஞ்சைத் 'தொழில் மையம்' என்று அழைக்கிறது. பெயர் அழகாகத்தான் இருக்கிறது.

உதவி வேண்டுமென்றால் நிபந்தனை இருக்கத்தானே செய்யும், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு யார் பணம் கொடுப்பார் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்காரர்கள் ராஜஸ்தானத்தைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். அங்கே பட்டதாரிகளுக்குக் கொடுக்கும் படி நம்முடையதைக் காட்டிலும் எவ்வளவோ பெரிது: ஆண்களுக்கு மாதம் 4,000 ரூபாய், பெண்களுக்கு 4,500. ஆனால் 2022 ஜனவரியிலிருந்து ஒரு நிபந்தனை போட்டார்கள். படி வாங்குகிறவர், பயிற்சி என்ற பெயரில், தினந்தோறும் நாலு மணி நேரம் சர்க்கார் காரியாலயத்தில் வேலை செய்ய வேண்டும். நமக்கு ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் காரியாலயத்தில் தினம் நாலு மணி நேரம் செய்வதற்கு வேலை இருக்கிறதென்றால், அது வேலைதானே? அதற்கு ஓர் உத்தியோகத்தை உண்டாக்கி, சம்பளம் கொடுத்து, அந்தப் பிள்ளையையே நியமித்துவிட்டால் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கையில் ஒன்று குறையுமே! வேலை இல்லை என்றாலோ, அந்தப் பிள்ளை நாலு மணி நேரம் மின்சார விசிறியை எண்ணிக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன பயிற்சி? கர்நாடகத்தில் 2024 ஜனவரியில் பட்டதாரிகளுக்கு 3,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, "இன்னும் வேலை கிடைக்கவில்லை" என்று மாதந்தோறும் அறிக்கை கொடுக்கச் சொன்னார்கள். நம் ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை சொல்ல வேண்டிய அவமானத்தை அங்கே அப்போது மாதத்துக்கு ஒரு முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் வித்தியாசம்.

இந்த வித்தையிலும் நமக்குக் குரு இங்கிலாந்துதான். 1910-இல் லேபர் எக்ஸ்சேஞ்சுகளைத் திறந்தவர்கள் அவர்கள். 1921-இல், உதவி கேட்கிறவன் "மெய்யாகவே வேலை தேடினேன்" என்று நிரூபிக்க வேண்டுமென்று விதித்தார்கள். சுரங்கமும் ஆலையும் மூடிக் கிடந்த ஊர்களில், வேலை இல்லையென்று எல்லோருக்கும் தெரிந்த வாசல்களுக்கு மனிதர்கள் தினமும் நடந்து போய், "போய்க் கேட்டேன், இல்லையென்றார்கள்" என்று வந்து சொன்னார்கள். செருப்புத் தேய்ந்ததுதான் லாபம். அந்த விதியை 1930-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். ஆனால் சுபாவம் போகவில்லை. 2011-இல் கெய்ட் ரெய்லி என்ற பெண், பூகர்ப்ப சாஸ்திரப் பட்டதாரி, தான் படித்ததற்கு ஏற்றபடி ஒரு பொருட்காட்சி சாலையில் சம்பளமில்லாமல் ஊழியம் செய்து அனுபவம் தேடிக்கொண்டிருந்தாள். உதவித் தொகை வேண்டுமானால் அதை விட்டுவிட்டு ஒரு மலிவு விலைக் கடையில் சம்பளமில்லாமல் அலமாரி அடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் அடுக்கினாள். பிறகு கோர்ட்டுக்குப் போனாள். 2013 அக்டோபரில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, அந்தத் திட்டத்தின் விதிகள் சட்டப்படி செல்லா என்று சொல்லிற்று. இது கட்டாய உழைப்பு என்ற அவளுடைய வாதத்தை மட்டும் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கடையில் வேலை செய்வது கேவலம் என்று அவள் வழக்காடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தான் செய்துகொண்டிருந்த உருப்படியான முயற்சியைக் கலைத்து, உருப்படாத ஒன்றில் தள்ளினார்கள் என்பதுதான் அவள் குறை. டியூஷனை நிறுத்திய சிவகிரிப் பெண்ணின் குறையும் வேறல்ல.

கட்டாயமில்லாத உதவி இந்தத் தேசத்தில் நடக்காத காரியமா? நடக்கிறது. தமிழ்நாட்டு வேலைவாய்ப்புக் காரியாலயங்களில் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்று ஒன்று வைத்து, போட்டிப் பரீட்சைகளுக்குச் செலவில்லாமல் பாடம் நடத்துகிறார்கள்; புத்தகமும் படிக்கக் கொடுக்கிறார்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். தேவையான உதவி என்றால் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மாறாக, வேறொரு பயிற்சி வகுப்புக்குத் தையற்காரரின் மகள் போனபோது, பேட்டிக்குச் சென்றால் நாற்காலியில் எப்படி உட்காருவது, எப்படிப் புன்னகை செய்வது என்று முழு நாள் சொல்லிக் கொடுத்தார்களாம். "பேட்டிக்கு யார் கூப்பிடுவாங்க என்று கேட்டேன், ஐயா. அது அடுத்த வகுப்பில் என்றாங்க." அடுத்த வகுப்பு நடக்கவில்லை.

தவறு காரியாலயத்துச் சிப்பந்திகளுடையது என்று நாம் சொல்லவில்லை. இல்லாத வேலையை அவர்கள் எங்கிருந்து கொண்டு வருவார்கள்? 2022-இல் நான்காம் தொகுதி உத்தியோகங்கள் முதலில் அறிவித்தபோது 7,301. பின்னால் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டினார்கள். மனுப் போட்டவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே, மனுதாரரிடம் மட்டும், "நீ சரியாகத் தேடினாயா? எங்கே, கையெழுத்துப் போடு" என்று கேட்பதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

படிக்காத ஏழைத் தொழிலாளி விஷயத்தில் இந்த நாட்டுப் பார்லிமெண்டு வேறு மாதிரியாக எண்ணிப் பார்த்ததுண்டு. 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை கேட்டு மனுக் கொடுத்தவருக்குத் தேதி போட்ட ரசீது கொடுக்க வேண்டும். பதினைந்து நாளைக்குள் வேலை கொடுக்காவிட்டால், முதல் முப்பது நாளைக்குக் கூலியில் கால் பங்குக்கும், அதன் பிறகு அரைப் பங்குக்கும் குறையாமல் படி கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். நடைமுறையில் அந்தப் படியைக் கண்ணால் பார்த்தவர்கள் அபூர்வம் என்பது வாஸ்தவம். ஆனால் கேட்டவன் தேடினானா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியவன் கொடுத்தானா என்று கேட்டது. காகிதம் எதிர்த் திசையில் வர வேண்டும் என்று சட்டம் சொன்ன ஓர் இடம் அது. இருபது வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் வெட்டுகிறவருக்குச் செய்ய முடிந்த மரியாதையைக் கணக்கு வாத்தியாருக்கும் செய்வதில் என்ன கஷ்டம்?

நாம் லட்ச ரூபாய்ச் சம்பளம் கேட்கவில்லை. பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒரு முறை காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் போகட்டும்: உங்கள் படிப்புக்கு இந்த ஜில்லாவில் இவ்வளவு காலியிடங்கள் அறிவிக்கப்பட்டன, இவ்வளவு நிரம்பின, உங்களுக்கு முன்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், இந்தப் பதிவை வைத்துக்கொண்டு வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு, அல்லது இல்லை. இல்லையென்றால் இல்லை என்று தைரியமாக எழுதட்டும். அந்த ஒரு வரியைப் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதியிருந்தால், தையற்காரரின் மகள் வேறு வழி பார்த்திருப்பாள். அழைக்கிற முகாமுக்கும் சரி, கேட்கிற கையெழுத்துக்கும் சரி, பஸ் கட்டணத்தை அழைக்கிறவர்கள் கொடுக்கட்டும். சொந்த முயற்சியால் ஐந்நூறோ ஆயிரமோ சம்பாதிக்கிறவரைப் பொய் சொல்ல வைக்காமல், அதற்கு இடம் விட்டு விதியைத் திருத்தட்டும். தேதி தவறியதற்காக மூப்பைப் பறிப்பதை அடியோடு விட்டுவிடட்டும். கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் காலத்தில், ஒரு மனுஷி இன்னும் வேலை தேடுகிறாளா என்று அறிய அவளை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கதவு தட்டச் சொல்வானேன்?

ஏமாற்றுக்காரர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருப்பார்கள். மாதம் 600 ரூபாய்க்காக ஐந்து வருஷம் காத்திருந்து ஏமாற்றும் பொறுமைசாலியை நாம் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் நேயர்களுக்கு அவசியம் அறிமுகம் செய்து வைப்போம்.

இருட்டிவிட்டது. நாம் புறப்பட எழுந்தோம். தையற்காரர் காகிதங்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சீராக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மேலே வைத்தது 2025-இல் புதுப்பித்த சீட்டு. அடுத்த முறை புதுப்பிக்க வேண்டிய வருஷம் 2028. அப்போது மகளுக்கு வயது நாற்பத்தொன்று ஆகியிருக்கும். அந்தப் பெண் வாசல் வரை வந்து, "தென்காசி பஸ் எட்டே காலுக்கு இருக்கு, ஐயா, அதை விட்டா உட்கார இடம் கிடைக்காது" என்றாள். அந்தத் தடத்துப் பஸ்களின் நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.